சுருதி ஏறினால் காலம் ஓடுமா?

மூன்று ஸ்வரங்களை எடுத்துக்கொள்வோம். முதலாவது மத்திய ஸ்தாயி ஷட்ஜம். மூன்றாவது அதற்கு மேலே உள்ள தார ஷட்ஜம். நடுவில் ஒருமுறை ரிஷபம், மறுமுறை நிஷாதம். ஸ – ரி – ஸ். ஸ – நி – ஸ். இரண்டு முறையும் ஸ்வரங்களுக்கு இடையே சரியாக அரை வினாடி. கையால் வாசித்தால் இந்தத் துல்லியம் வராது. கணினியில் நேரம் குறித்து ஒலிக்கவிட வேண்டும். ஆய்வுக்கூடங்களில் அப்படித்தான் செய்கிறார்கள்.

கேட்பவரிடம் ஒரே கேள்விதான். நடுவில் வந்த ஒலி சரியான நடுவில் விழுந்ததா, முந்தியதா, பிந்தியதா? இத்தகைய சோதனைகளில் பதில்கள் ஒரு பக்கமாகச் சாய்கின்றன. நடு ஒலி முதல் ஒலிக்கு அருகில் இருந்தால் அது சீக்கிரம் வந்துவிட்டது என்கிறார்கள். மூன்றாவதுக்கு அருகில் இருந்தால் தாமதமாக வந்தது என்கிறார்கள். கடிகாரத்தின் கணக்கில் எதுவும் மாறவில்லை. மாறியது சுருதி மட்டுமே. ஆனாலும் ஷட்ஜத்திலிருந்து ரிஷபத்துக்குப் போன அரை வினாடி சுருங்கிவிடுகிறது. ரிஷபத்திலிருந்து தார ஷட்ஜத்துக்குப் போன அரை வினாடி நீண்டுவிடுகிறது.

இதற்குக் கப்பா விளைவு என்று பெயர். ஜான் கோஹென், ஹான்சல், சில்வெஸ்டர் என்னும் மூன்று பிரிட்டிஷ் உளவியலாளர்கள் 1953இல் ‘நேச்சர்’ இதழில் இதை விவரித்தபோது அவர்கள் பயன்படுத்தியது ஒலியை அல்ல, ஒளியை. ஒரே வரிசையில் மூன்று விளக்குகள் ஒன்றன்பின் ஒன்றாக மின்னும். இரண்டு விளக்குகளுக்கு இடையே தூரம் அதிகமாக இருந்தால், அவை மின்னிய நேர இடைவெளியும் அதிகம் என்று பார்த்தவர்கள் சொன்னார்கள். விளக்குகளுக்குப் பதிலாக ஒலிகளையும், தூரத்துக்குப் பதிலாகச் சுருதி வேறுபாட்டையும் வைத்து அடுத்த ஆண்டே அதே இதழில் எழுதினார்கள். அங்கும் அதே கதைதான். மறுபக்கமும் உண்டு, அதற்கு டாவ் விளைவு என்று பெயர். இரண்டு ஒலிகளுக்கு இடையே நேரம் கூடுதலாக இருந்தால் அவற்றின் சுருதி வேறுபாடும் கூடுதல் என்று காது எண்ணிக்கொள்கிறது. ஆக, காலம் சுருதியை வளைக்கிறது, சுருதி காலத்தை வளைக்கிறது.

அரை வினாடியில் ஏற்படும் சின்ன மயக்கத்துக்கு ஏன் இத்தனை முக்கியத்துவம்? மூளை காலத்தை எப்படி அளக்கிறது என்ற கேள்விக்கு நீண்ட காலமாகச் சொல்லப்பட்டுவந்த பதிலை இது அசைத்துப் பார்க்கிறது என்பதால்தான். 1963இல் மிஷெல் ட்ரீஸ்மன் முன்வைத்த மாதிரியில் மூளைக்குள் ஒரு துடிப்பி இருக்கிறது. அது சீராகத் துடித்துக்கொண்டே இருக்கிறது. ஒரு நிகழ்வு தொடங்கியதும் ஓர் எண்ணி அந்தத் துடிப்புகளை எண்ணத் தொடங்கும். நிகழ்வு முடிந்ததும் நிறுத்தும். எண்ணிக்கை அதிகம் என்றால் நேரம் அதிகம். அழகான மாதிரி. இதற்கு நல்ல ஆதாரங்களும் உண்டு: ஓர் ஒலியைக் கேட்பதற்கு முன் சில வினாடிகள் ‘டிக் டிக்’ என்று விரைவாகத் தட்டும் சத்தத்தைக் கேட்கவைத்தால், அடுத்து வரும் ஒலி வழக்கத்தைவிட நீண்டதாகத் தோன்றுகிறது. உள்ளிருக்கும் துடிப்பியை அந்தத் தட்டல் முடுக்கிவிட்டது என்று இதை விளக்குகிறார்கள். ஆனால் துடிப்புகளை எண்ணும் கருவிக்கு, தொடக்கத்தில் ஒலித்தது ஷட்ஜமா நிஷாதமா என்பது ஒரு பொருட்டாகவே இருக்கக் கூடாது. கப்பா விளைவில் அது பொருட்டாக இருக்கிறது. தொடக்கமும் முடிவும் எந்த உயரத்தில் இருக்கின்றன என்பதைப் பார்த்துவிட்டுத்தான் மனம் நேரத்தைச் சொல்கிறது.

இதற்கு அதிகம் ஏற்கப்பட்ட விளக்கம் சமவேக ஊகம். இரவில் வயல்வரப்பில் ஒருவர் டார்ச் விளக்கோடு நடந்துபோகிறார். மரங்களின் மறைவால் வெளிச்சம் அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் தெரிகிறது. ஆனாலும் அவர் ஒரே சீராக நடக்கிறார் என்றே நாம் கொள்கிறோம். தொலைவில் தெரிந்த அடுத்த வெளிச்சத்துக்கு அதிக நேரம் ஆகியிருக்கும் என்று கணக்கிடுகிறோம். இயற்கையில் பெரும்பாலும் அது சரியான கணக்குதான். அடுத்தடுத்து வரும் ஸ்வரங்களையும் மனம் நகரும் ஒரே பொருளாக எடுத்துக்கொண்டு, அதே கணக்கைப் போடுகிறது. ஷட்ஜத்திலிருந்து ரிஷபம் கிட்டத்தில் இருக்கிறது. ஆகவே சீக்கிரம் வந்திருக்க வேண்டும். தார ஷட்ஜம் தொலைவில் இருக்கிறது. நேரம் பிடித்திருக்க வேண்டும். காதுக்கு உண்மையில் கிடைத்த நேரமும் இந்த ஊகமும் கலந்துதான் தீர்ப்பாக வெளிவருகின்றன. அமெரிக்காவில் மோலி ஹென்றியும் டெவின் மெக்காலேயும் 2009இல் இந்த ஊகத்தையே நேரடியாகச் சோதனைக்கு உட்படுத்தினார்கள். முடிவுகள் பெரும்பாலும் அதற்கு ஆதரவாக வந்தன.

இதைப் பிழை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. காதுக்குக் கிடைக்கும் தகவல் எப்போதும் அரைகுறையானது. சந்தையிலும் பேருந்திலும் இரைச்சலுக்கு நடுவேதான் நாம் கேட்கிறோம். உலகம் எப்படி நடந்துகொள்ளும் என்ற முன்னறிவைக் கொண்டு அந்த அரைகுறையை நிரப்பிக்கொள்வது புத்திசாலித்தனம். ஆய்வுக்கூடம், உலகம் நடக்காத விதத்தில் ஒலிகளை அடுக்கிக்காட்டி அந்தப் புத்திசாலித்தனத்தைக் கண்ணுக்குத் தெரியவைக்கிறது, அவ்வளவுதான்.

இடைவெளியை விட்டுவிட்டு வேகத்துக்கு வருவோம். ஒரே மெட்டை ஒரே காலப்பிரமாணத்தில், ஒருமுறை கீழ் ஸ்தாயியிலும் ஒருமுறை மேல் ஸ்தாயியிலும் வாசித்தால் எது விரைவாகக் கேட்கும்? மேல் ஸ்தாயி என்றே பெரும்பாலோர் சொல்கிறார்கள். மெரிலின் போல்ட்ஸ் 2011இல் வெளியிட்ட ஆய்வில், சுருதி உயர்ந்த மெட்டும், கூரிய நாதமுடைய கருவியில் ஒலித்த மெட்டும், உரத்து ஒலித்த மெட்டும், உண்மையில் வேகம் மாறாதபோதும், விரைவானவையாக மதிப்பிடப்பட்டன.

இந்தப் பாடத்தைக் காது எங்கிருந்து கற்றிருக்கும்? நம்மைச் சுற்றி எங்கிருந்தும் கற்றிருக்கலாம். மிக்ஸியின் குமிழை ஒன்றிலிருந்து மூன்றுக்குத் திருப்பினால் கத்தி விரைகிறது, சத்தமும் ஏறுகிறது. இருசக்கர வண்டியின் ஆக்ஸிலரேட்டரை முறுக்கினால் எஞ்சின் ஒலி மேலே போகிறது. கொசுவின் ரீங்காரம் அதன் இறக்கை வினாடிக்கு எத்தனை முறை அடிக்கிறது என்பதன் நேரடிக் கணக்கு. யானை மெதுவாக அசையும். அதன் குரலின் ஒரு பகுதி நம் காதுக்கே எட்டாத தாழ்ந்த அதிர்வுகளில் இருக்கிறது. மனிதர்களும் அப்படித்தான். பதற்றத்தில் பேசும்போது குரலும் உயரும், பேச்சும் விரையும். பேட்டரி தீர்ந்துகொண்டிருக்கும் டேப் ரெக்கார்டரில் பாட்டுக் கேட்டவர்களுக்கு இதற்கு மேல் சான்று தேவையில்லை. பாடுபவரின் குரல் தடித்துக் கீழே இறங்கும், பாட்டு இழுபடும். இரண்டும் சேர்ந்தேதான் நடக்கும். நாடா நகரும் வேகம் ஒன்றே சுருதியையும் தாளத்தையும் தீர்மானிக்கிறது. 45 சுழற்சி இசைத்தட்டை 78இல் ஓடவிட்டால் நேர் எதிர் விளைவு.

இசையமைப்பவர்களும் அறிந்தோ அறியாமலோ இதற்கு உரம் போட்டிருக்கிறார்கள். மேற்கத்திய இசைப்படைப்புகளை ஆராய்ந்த யூரி ப்ரோஸும் டேவிட் ஹ்யூரனும் 2013இல் வெளியிட்ட கட்டுரையில், உயர்ந்த சுருதியில் அமைந்த பகுதிகளில் ஸ்வரங்கள் அடர்த்தியாக, விரைவாக வருகின்றன என்று காட்டினார்கள். புல்லாங்குழல் பறக்கும், டபுள் பேஸ் நடக்கும். தடித்த தந்தியை விரைவாக அதிரவைப்பதும் அடக்குவதும் கடினம் என்பதும் இதற்கு ஒரு காரணம். இப்படி ஆயிரம் மணிநேரம் கேட்டுப் பழகிய காது, உயரத்தைக் கண்டாலே வேகத்தை எதிர்பார்ப்பதில் வியப்பில்லை.

சுருதியையும் வேகத்தையும் பிரித்துவைப்பது இன்று மிக எளிதாகிவிட்டது. 2021இல் வாட்ஸ்அப்பில் குரல் பதிவுகளை ஒன்றரை மடங்கும் இரண்டு மடங்கும் வேகத்தில் கேட்கும் வசதி வந்தது. அதில் பேச்சு விரைகிறது, குரல் மட்டும் கீச்சிடுவதில்லை. பதிவைச் சில பத்து மில்லி வினாடி நீளமுள்ள துண்டுகளாக நறுக்கி, அவற்றை நெருக்கி ஒன்றன்மேல் ஒன்று படியவைத்துக் கோக்கிறார்கள். ஒவ்வொரு துண்டுக்குள்ளும் அதிர்வுகள் இருந்தபடியே இருப்பதால் சுருதி மாறாது. மொத்த நீளம் மட்டும் குறையும். டேப் ரெக்கார்டரில் பிரிக்கவே முடியாமல் ஒட்டிக்கிடந்த இரண்டை இது பிரித்துவிட்டது. சுருதியின் தாக்கத்தைத் தனியே எடுத்துப் பார்க்க ஆய்வாளர்களுக்கும் இப்படிப் பிரித்துவைத்த ஒலிகள்தான் தேவை.

ஆனால் ‘சுருதி ஏற ஏற வேகம் ஏறித் தோன்றும்’ என்று ஒரே கோடாக எழுதிவிட முடியாது. கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் ஜெஸ்ஸி பாஸ்டேராவும் லாரல் ட்ரெய்னரும் அண்மையில் இதை ஆறு ஸ்தாயிகள் வரை நீட்டிப் பார்த்தார்கள். ஒரே சீராகத் திரும்பத் திரும்ப ஒலிக்கும் ஸ்வரம். அதன் வேகத்தைக் கேட்பவர் மதிப்பிட வேண்டும். தாழ்ந்த ஸ்தாயிகளிலிருந்து நடு ஸ்தாயிகளுக்கு வரும்வரை தோற்ற வேகம் ஏறியது. அதற்கும் மேலே, பியானோவின் வலது ஓரத்தை நோக்கிப் போகப்போக, வேகம் மறுபடி குறைந்து தோன்றியது. வரைபடத்தில் அது ஏறு கோடாக இல்லை. ஒரு குன்றாக இருந்தது. முந்தைய ஆய்வுகள் பெரும்பாலும் ஒன்றிரண்டு ஸ்தாயிகளை மட்டுமே ஒப்பிட்டதால் குன்றின் ஒரு சரிவு மட்டுமே கண்ணில் பட்டிருக்கிறது. மனிதக் குரலும் பெரும்பாலான வாத்தியங்களும் நடமாடும் பகுதிக்கு உள்ளேதான் ஏற்றம் தெரிகிறது என்பது எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. அனுபவத்தில் கற்ற தொடர்பு என்றால், அந்த அனுபவம் வளமாக உள்ள இடத்தில்தானே அது வலுவாக இருக்கும்?

இங்கே கச்சேரி மேடையைப் பற்றி ஒன்று சொல்லத் தோன்றுகிறது. தார ஸ்தாயிக்குப் போகும்போது ‘காலம் ஓடுகிறது’ என்று பாடகரைக் குறை சொல்வது ரசிகர்களிடமும் ஆசிரியர்களிடமும் பழக்கம். சில வேளைகளில் பாடகர் உண்மையிலேயே ஓடியிருப்பார். உச்சத்தை எட்டும் உற்சாகம் யாரையும் முடுக்கிவிடும். ஆனால் பாடகர் ஓடாமலே கேட்பவருக்கு ஓடுவதாகத் தோன்றியிருக்கவும் வாய்ப்பு உண்டு என்று மேலே சொன்ன சோதனைகள் எச்சரிக்கின்றன. பாடுபவருக்கும் அதே மயக்கம் இருக்குமானால் விளைவு இன்னும் சிக்கலாகும். தான் விரைகிறோம் என்று தவறாக எண்ணி, தேவையின்றி இழுத்துப்பிடிக்கத் தோன்றும். ஆகவே மாணவரைக் கண்டிப்பதற்கு முன் பதிவை எடுத்து மெட்ரோனோமோடு ஒப்பிட்டுப் பார்ப்பதே நியாயம். ஆசிரியரின் காது எவ்வளவு பண்பட்டதாக இருந்தாலும் இந்த ஒரு விஷயத்தில் கருவிதான் பாரபட்சமற்ற சாட்சி.

வேகத் தோற்றம் மேல் ஸ்தாயியின் பக்கம் சாய்கிறது என்றால், நேரத் துல்லியம் தாழ்ந்த ஒலியின் பக்கம் சாய்கிறது. மைக்கேல் ஹோவ், செலின் மரி, இயன் புரூஸ், லாரல் ட்ரெய்னர் ஆகியோர் 2014இல் வெளியிட்ட ஆய்வு இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்தது. பியானோ ஒலிகள் இரண்டு, ஒன்று தாழ்ந்தது, ஒன்று உயர்ந்தது. இரண்டும் அரை வினாடிக்கு ஒருமுறை சேர்ந்தே ஒலிக்கும். தாழ்ந்தது 196 ஹெர்ட்ஸ். நம் கணக்கில், பெண் பாடகர்கள் பலர் வைத்துக்கொள்ளும் ஐந்து கட்டைச் சுருதியின் ஷட்ஜம். உயர்ந்தது 466 ஹெர்ட்ஸ். எப்போதாவது இரண்டில் ஒன்று மட்டும் 50 மில்லி வினாடி முந்தி வரும். கேட்பவர் வேறு எதையோ பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவருடைய மூளை மின்னலைகளைப் பதிவுசெய்தார்கள். எதிர்பாராதது நடந்தால் தானாகவே எழும் ஓர் அலை உண்டு. தாழ்ந்த ஒலி முந்தியபோது அந்த அலை பெரிதாக எழுந்தது. உயர்ந்த ஒலி முந்தியபோது சிறிதாகவே எழுந்தது. விரலால் தாளத்தைத் தொடர்ந்து தட்டச் சொன்னபோதும் அப்படியே: தாழ்ந்த ஒலியின் தடுமாற்றத்தை விரல்கள் அதிகமாகப் பின்தொடர்ந்தன.

அதே ட்ரெய்னரின் குழு முன்பே கண்டறிந்த ஒன்றை இங்கே பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். ஒரே நேரத்தில் இரண்டு குரல்கள் போகும்போது, சுருதிப் பிழை மேல் குரலில் நேர்ந்தால்தான் மூளை எளிதில் கண்டுபிடிக்கிறது. மெட்டு மேலே, தாளம் கீழே. உலகின் பல இசைமரபுகளில் இந்த வேலைப்பிரிவினை இருப்பதற்குக் காதின் அமைப்பே ஒரு காரணமாக இருக்கலாம்.

காதின் அமைப்பு என்று சொல்வது வெறும் பேச்சுக்காக அல்ல. புரூஸ் உருவாக்கிய உள்காதின் கணினி மாதிரிக்குள் அதே ஒலிகளைச் செலுத்தியபோது, அங்கேயே அந்தச் சாய்வு தென்பட்டது. உள்காதில் நத்தை ஓடுபோலச் சுருண்டிருக்கும் காக்ளியாவுக்குள் ஏறக்குறைய 35 மில்லிமீட்டர் நீளத்தில் ஒரு சவ்வு ஓடுகிறது. ஒலி நுழையும் வாசல் பக்கத்தில் உயர்ந்த சுருதிகள் உச்சத்தை அடைகின்றன, உள்முனையில் தாழ்ந்தவை. சவ்வில் ஒலி இப்படி அலையாக ஓடுவதைக் கண்டறிந்ததற்காகத்தான் ஜார்ஜ் வான் பெக்கேஸிக்கு 1961இல் நோபல் பரிசு கிடைத்தது. இதன் விளைவை யோசித்துப் பாருங்கள். தாழ்ந்த ஒலியின் அலை தன் இடத்தை அடைய, உயர்ந்த ஒலிகளின் இடத்தைக் கடந்தே போக வேண்டும். போகிற வழியில் அந்த இடத்தையும் அசைத்துவிட்டே போகும். உயர்ந்த ஒலியின் அலையோ வாசலருகிலேயே அடங்கிவிடுகிறது; உள்ளே இருக்கும் தாழ்ந்த ஒலியின் இடத்தைத் தொடுவதே இல்லை. தாழ்ந்த ஒலி உயர்ந்ததை மறைக்கும், உயர்ந்தது தாழ்ந்ததை அவ்வளவாக மறைக்காது என்று ஒலியியலாளர்கள் 1920களிலிருந்தே அறிந்திருப்பதற்கு இதுவே காரணம். தாழ்ந்த ஒலி எப்போது வந்தது என்ற செய்தி கலங்காமல் மூளைக்குப் போகிறது.

மிருதங்கத்தை இந்த அறிவோடு கேட்டால் அதன் இரட்டை முகம் புதிதாகப் புலப்படும். வலது முகமான வலந்தலை பாடகரின் ஷட்ஜத்துக்குச் சேர்க்கப்பட்டது. சாதாரணத் தோலில் பிறக்கும் மேல் அதிர்வுகள் ஒன்றோடொன்று இசையாதவை. அதனால்தான் பெரும்பாலான கொட்டுகளுக்குத் தெளிவான சுருதி இல்லை. வலந்தலையின் நடுவில் இடும் கறுப்புக் கரணை அந்த அதிர்வுகளை முழுஎண் விகிதத்துக்குக் கொண்டுவந்து, தோலைத் தந்திபோல் பாடவைக்கிறது என்று சி.வி. ராமனும் சிவகாளி குமாரும் 1920இல் ‘நேச்சர்’ இதழில் எழுதினார்கள். இடது முகமான தொப்பிக்குக் கச்சேரிக்கு முன் ரவையைக் குழைத்து அப்பி ஒலியைத் தாழ்த்துகிறார்கள். ஒரே கருவியில் ஒரு முகம் சுருதிக்கு, ஒரு முகம் தாழ்ந்த அதிர்வுக்கு. வலது கை எவ்வளவு நுணுக்கமான சொற்கட்டுகளை உதிர்த்தாலும், தொப்பியில் விழும் ஒரு ‘தோம்’ கேட்பவருக்கு இடத்தைக் காட்டிவிடுகிறது. உள்காதின் இயற்பியலைப் படிக்காமலே, காதை மட்டும் நம்பித் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்த வடிவம் இது. எனக்கு இதன்மேல் இருக்கும் மரியாதையைச் சொல்லி மாளாது.

இதுவரை பார்த்தவை, சுருதி காலத்தைச் சற்றே நீட்டும், சுருக்கும் வேலைகள். சுருதி தாளத்தையே முற்றிலும் மாற்றிவிடவும் முடியும். நெதர்லாந்தின் ஐந்தோவனில் லியோன் வான் நூர்டன் 1975இல் தன் ஆய்வேட்டில் விரிவாக ஆராய்ந்த ஓர் அமைப்பு உண்டு. கீழ் ஒலி, மேல் ஒலி, மறுபடி கீழ் ஒலி, பிறகு அதே அளவு மௌனம். இது சுழன்றுகொண்டே இருக்கும். ஒவ்வொன்றும் வினாடியில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு. இரண்டு ஒலிகளின் சுருதியும் அருகருகே இருந்தால் குதிரைக் குளம்படி கேட்கும். மூன்று தட்டு, ஒரு நிறுத்தம். இப்போது மேல் ஒலியின் சுருதியை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக உயர்த்திக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் குதிரை மறைந்துவிடும். கீழே ஒரே சீரான தட்டல் ஒன்றும், மேலே அதில் பாதி வேகத்தில் இன்னொரு சீரான தட்டலுமாக, சம்பந்தமில்லாத இரண்டு தாளங்கள் கேட்கும். நேரத்தில் எதையும் யாரும் தொடவில்லை. ஆனால் குளம்படி திரும்பக் கிடைக்காது; முயன்றாலும் கேட்க முடியாது.

மாண்ட்ரியாலில் மெக்கில் பல்கலைக்கழகத்தின் ஆல்பர்ட் ப்ரெக்மனும் ஜெஃப்ரி காம்பெலும் 1971இல் இதன் இன்னொரு முகத்தைக் காட்டினார்கள். உயர்ந்த ஒலிகள் மூன்றும் தாழ்ந்த ஒலிகள் மூன்றும் மாறி மாறி விரைந்து வரும்படி சுழலவிட்டார்கள். உயர்ந்த மூன்றில் எது முதலில், எது அடுத்து என்று கேட்டவர்களால் சொல்ல முடிந்தது. தாழ்ந்த மூன்றிலும் முடிந்தது. ஆனால் இந்தக் குறிப்பிட்ட உயர்ந்த ஒலிக்குப் பிறகு எந்தத் தாழ்ந்த ஒலி வந்தது என்று கேட்டால் தடுமாறினார்கள். காதுக்குள் இரண்டு ஓடைகள் பிரிந்துவிட்டன. ஓர் ஓடைக்குள் முன்பின் உண்டு, ஓடைகளுக்கு இடையே முன்பின் மங்கிவிடுகிறது. ஒரே அறைக்குள் நடந்த, பத்தில் ஒரு வினாடி இடைவெளியில் நடந்த நிகழ்வுகளின் வரிசை தெரியாமல் போகிறது என்றால், ‘அப்போது’ என்பது எல்லா ஒலிகளுக்கும் பொதுவான ஒரே கோட்டில் அடுக்கப்படுவது இல்லை என்று ஆகிறது. கப்பா விளைவைவிட இது ஆழமான செய்தி என்று நான் நினைக்கிறேன்.

உகாண்டாவின் புகாண்டா அரசவையில் வளர்ந்த அமடிண்டா என்னும் மரக்கட்டை வாத்தியத்தில் இதையே கலையாக்கியிருக்கிறார்கள். எதிரெதிரே உட்காரும் இருவர் தத்தம் ஸ்வரங்களைப் பின்னிப் பின்னி மிக வேகமாக வாசிப்பார்கள். அருகருகே உள்ள சுருதிகளைக் காது தானாகத் தொகுத்துக்கொள்வதால், இருவரில் யாருமே வாசிக்காத புது மெட்டுகள், புதுத் தாளங்களோடு கேட்பவருக்குப் புலப்படும். இசை ஆய்வாளர் கெர்ஹார்ட் குபிக் இதைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார்.

இவ்வளவுக்கும் அடியில் ஓர் உண்மை இருக்கிறது: சுருதியே காலத்தால் ஆனது. வினாடிக்கு இரண்டு முறை, ஐந்து முறை, பத்து முறை தட்டினால் அவற்றைத் தட்டல்களாகக் கேட்கிறோம். வினாடிக்கு ஏறக்குறைய இருபதைத் தாண்டியதும் தட்டல்கள் ஒன்றோடொன்று உருகி ஒரு தாழ்ந்த ஸ்வரமாகின்றன. 1819இல் பிரான்சின் கான்யார் த லா டூர் உருவாக்கிய சைரன் இதைத்தான் செய்தது. துளைகளிட்ட தட்டைச் சுழற்றிக் காற்றை விட்டுவிட்டு வெளியேற்றினார். சுழற்சி விரைய விரைய சுருதி ஏறியது. துளைகளையும் சுழற்சியையும் எண்ணினால் ஸ்வரத்தின் அதிர்வெண்ணை எண்ணிச் சொல்லிவிடலாம்.

நம் இசைக்குப் பழகியவர்கள் இதைத் தாளத்திலிருந்தே தொடங்கிப் பார்க்கலாம். ஒரு கையால் வினாடிக்கு இரண்டு, மறு கையால் வினாடிக்கு மூன்று என்று தட்டுங்கள். இரண்டுக்கு மூன்று என்னும் இந்தப் பின்னல், லய வித்வான்கள் தினமும் கையாளுவது. இதைப் பதிவுசெய்து 65 மடங்குக்குச் சற்றே கூடுதலான வேகத்தில் ஓட்டினால், இரண்டு தட்டு ஏறக்குறைய 131 ஹெர்ட்ஸ் ஆகும். மூன்று தட்டு 196 ஹெர்ட்ஸ் ஆகும். ஒரு கட்டைச் சுருதியின் ஷட்ஜமும் அதன் பஞ்சமமும்! தம்பூராவில் கேட்கும் அதே உறவு. முதல் காலத்திலிருந்து இரண்டாம் காலத்துக்குப் போவதும் ஒரு ஸ்தாயி மேலே போவதும் கணக்கில் ஒரே செயல்: இரட்டிப்பு. ஜெர்மன் இசையமைப்பாளர் கார்ல்ஹைன்ஸ் ஸ்டாக்ஹவுசன் 1960இல் முடித்த ‘கொன்டாக்டே’ என்னும் மின்னிசைப் படைப்பில் ஒரு புகழ்பெற்ற இடம் உண்டு. உயரத்திலிருந்து ஒரு ஸ்வரம் வழுக்கிக் கீழே இறங்கிக்கொண்டே வந்து, ஒரு கட்டத்தில் ஸ்வரமாக இருப்பதை விட்டுவிட்டுத் தனித்தனித் தட்டல்களாக உதிர்கிறது. எல்லை எங்கே கடந்தது என்று குறித்துச் சொல்ல முடியாது.

காதிலிருந்து மூளைக்குச் செல்லும் நரம்பும் இந்த எல்லையில் நின்றுதான் வேலை செய்கிறது. தாழ்ந்த, நடுத்தர சுருதிகளுக்கு நரம்பின் துடிப்புகள் ஒலியின் அதிர்வோடு சேர்ந்தே விழுகின்றன. அதாவது அந்த ஸ்வரம் காலக் குறிப்பாகவே மூளைக்குப் போகிறது. வினாடிக்கு நாலாயிரம், ஐயாயிரம் அதிர்வுகளுக்கு மேலே நரம்பால் அப்படித் தொடர முடிவதில்லை. சவ்வின் எந்த இடம் அசைந்தது என்பதே செய்தியாகிறது. பியானோவின் கடைசிக் கட்டை 4186 ஹெர்ட்ஸில் நிற்பதும், அதற்கு மேலே மெட்டுகளை அடையாளம் காண்பது கடினமாவதும் இதோடு ஒத்துப்போகின்றன.

இங்கே ஒரு கவர்ச்சியான முடிவுக்குத் தாவிவிடக் கூடாது. சுருதியும் காலமும் ஒரே சரக்கு, ஆகவேதான் ஒன்று மற்றதை வளைக்கிறது என்று சொல்லத் தோன்றும். கப்பா விளைவு அப்படிப் பிறப்பது அல்ல. விளக்குகளை வைத்தும் அதே விளைவு கிடைக்கிறதே. விளக்குக்கு ஏது சுருதி? அது மனத்தின் ஊகத்தில் பிறக்கிறது. தாழ்ந்த ஒலியின் துல்லியமோ உள்காதின் சவ்வில் பிறக்கிறது. மேல் ஸ்தாயியின் வேகத் தோற்றம் பெரும்பாலும் பழக்கத்தில் பிறப்பதாகத் தெரிகிறது. குளம்படி மறைவது, எந்த ஒலி எந்த மூலத்திலிருந்து வருகிறது என்று பிரிக்கும் வேலையின் பக்கவிளைவு. நான்கும் வெவ்வேறு படிகளில் நடப்பவை. எல்லாவற்றையும் ஒரே விதிக்குள் அடைத்தால் அழகாக இருக்கும், உண்மையாக இருக்காது.

நடைமுறையில் இதனால் உடனே செய்யக்கூடியது ஒன்று உண்டு. செல்போனில் கிடைக்கும் மெட்ரோனோம், தாளச் செயலிகள் பலவற்றில் ஆவர்த்தத்தின் முதல் தட்டு மட்டும் உயர்ந்த சுருதியில் ‘டிங்’ என்று வரும். மற்றவை தாழ்ந்து வரும். சமத்தைக் காட்டுவதற்காகச் செய்த ஏற்பாடு. ஆனால் அந்த உயர்ந்த ஒலிக்கு முன்னும் பின்னும் உள்ள இடைவெளிகளில்தான் சுருதித் தாவல் இருக்கிறது. அளவில் சமமாக இருந்தும் அவை நீண்டு தோன்ற இடமுண்டு. கைவிரல் எண்ணிக்கை இன்னும் உறுதிப்படாத பிள்ளைகளுக்கு எல்லாத் தட்டுகளையும் ஒரே தாழ்ந்த சுருதியில் வைத்து, சமத்தை மட்டும் சற்று அழுத்தமாக ஒலிக்கவிடுவது நல்லது. பெரும்பாலான செயலிகளின் அமைப்புப் பக்கத்திலேயே ஒலியை மாற்றிக்கொள்ளும் வசதி இருக்கிறது.